ஓட்டத்திலேயே வாழ்பவருக்கு ஒரு நிலையான முகவரி: எந்த ஊரைத் தெரிவது, எப்படிப் பதிவது

திங்கள் வவுனியா, புதன் மட்டக்களப்பு, வெள்ளி ஹற்றன், சனி இரவு வெள்ளவத்தையில் ஒரு போர்டிங் அறை. மருந்துக் கம்பனி ரெப், கொள்கலன் லொறிச் சாரதி, சுற்றுலா வான் ஓட்டுநர், சைற் சைற்றாக மாறும் மேசன் என்று கொழும்பை நடுவில் வைத்து ஓடும் தமிழர் நிறையப் பேர். படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும். அம்மா இருக்கும் ஊர் வீடா, மாதா மாதம் வாடகை கட்டும் அறையா, கொட்டாஞ்சேனையில் மாமா வீடா?

அன்றைக்கு வாயில் வந்ததை எழுதிவிடுவதுதான் வழக்கம். அடையாள அட்டையில் ஒன்று, வங்கியில் இன்னொன்று, லைசன்ஸில் மூன்றாவது. ஐந்து வருடம் ஒன்றும் நடக்காது. பிறகு பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பமோ, பொலிஸ் நற்சான்றோ, லீசிங் கம்பனியின் பதிவுத் தபாலோ வரும்போது மூன்றும் ஒன்றோடொன்று முட்டும்.

இலங்கையில் எல்லாத் திணைக்களங்களும் பார்க்கும் ஒரே முகவரிப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு இடமும் தன் கோப்பைத்தான் நம்பும். ஆனால் சந்தேகம் வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது இரண்டைத்தான்: கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து, வாக்காளர் இடாப்பு. ஆகவே முகவரியைத் தெரிவது என்றால், எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவின் இடாப்பில் பெயரை வைப்பது என்று தீர்மானிப்பதுதான். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

எதை வைத்துத் தெரிவது

நீங்கள் எங்கே அதிக இரவுகள் தூங்குகிறீர்கள் என்பது முதல் கேள்வி அல்ல. பதிவுத் தபால் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கி, அன்றே உங்களுக்கு அழைப்பெடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வாக்காளர் படிவம் வரும்போது வீட்டுக்காரர் உங்கள் பெயரை எழுதுவாரா என்பது அடுத்தது. கிராம உத்தியோகத்தர் வந்து கேட்டால் "ஓம், இங்கே இருக்கிறவர்தான்" என்று அக்கம்பக்கம் சொல்லுமா என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஆம் என்று வரும் வீடுதான் உங்கள் முகவரி.

எங்கள் கணிப்பில், ஊரில் பெற்றோரோ மனைவி பிள்ளைகளோ இருந்து, நீங்களும் மாதத்தில் ஒருமுறையாவது போய் வருவீர்கள் என்றால் ஊரையே வைத்திருங்கள். ஊர் வீடு பூட்டிக் கிடந்தால், கொழும்பில் நீங்கள் உண்மையாகத் தங்கும் உறவினர் வீடு. வாடகை அறை கடைசி. அறை மோசம் என்பதால் அல்ல. அடுத்த வருடம் அந்த அறையில் நீங்கள் இருப்பீர்களா என்பது வீட்டுக்காரர் கையில் இருப்பதால்.

இந்த வரிசையைப் புரட்டிப்போடும் காரணங்கள் சில உண்டு.

பிள்ளையைக் கொழும்பில் அரச பாடசாலையில் முதலாம் தரத்தில் சேர்க்க நினைத்தால் கொழும்பு முகவரிதான் வேண்டும், அதுவும் முன்கூட்டியே. பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் என்ற பிரிவில் கடைசி ஐந்து வருட வாக்காளர் இடாப்பைப் பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். சேரும் வருடத்தின் ஜனவரி 31இல் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பமோ அதற்கு முந்திய வருடமே போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முழுப் புள்ளியும் வேண்டுமென்றால் பிள்ளை பிறக்கும்போதே உங்கள் பெயர் அந்த இடாப்பில் இருந்தாக வேண்டும். நாலு வயதில் ஓடித் திரிவதில் பலனில்லை.

மாகாண சபை வேலைக்கோ கிராம உத்தியோகத்தர் வேலைக்கோ விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் ஊர் முகவரியைக் கைவிட வேண்டாம். இத்தகைய அறிவித்தல்களில் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய மூன்று வருடம் அந்தப் பிரதேசத்தில் நிரந்தர வதிவு என்ற நிபந்தனை வழமையாக வரும், அதை நிரூபிப்பதும் வாக்காளர் இடாப்புத்தான். அஸ்வெசும போன்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுகளும் பிரதேச செயலகம் வழியாகவே வருகின்றன. வீட்டில் யாராவது பெறுகிறார் என்றால், குடும்பத்தைப் பிரித்து எழுதும் முன் அங்கே ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

வட மாகாணத்தவருக்கு இன்னொன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: தேசவழமை. அது தமிழர் எல்லோருக்குமான சட்டம் இல்லை. வட மாகாணத்தில் நிலையாகக் குடியிருக்கும் தமிழருக்கான சட்டம். தொழிலுக்காகக் கொழும்பில் தங்கியிருந்தும் ஊரில் வீடு வாசலை வைத்திருப்பவர் அதற்குள் வருவார். ஊரை விட்டுக் கொழும்பிலேயே நிலையாகக் குடியேறியவர் வெளியே போய்விடலாம். நீதிமன்றம் இதை ஒரு கடதாசியை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. ஆனால் வாக்காளர் இடாப்பு சாட்சியமாக முன்னால் வரும். என்ன வித்தியாசம் என்றால், தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் பெயரில் உள்ள காணியைக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. ஆகவே மனைவி பெயரில் உறுதி முடிக்க இருப்பவர்கள், முகவரியை மாற்ற முதல் நொத்தாரிசிடம் இதைக் கேளுங்கள், பிறகு அல்ல. வட மாகாணக் காணி மீதான முன்கொள்வனவு உரிமை, அதாவது காணி விற்கப்படும்போது முதலில் வாங்கும் உரிமை, வேறு விடயம். அது ஆளைப் பார்க்காது, காணி இருக்கும் இடத்தைப் பார்க்கும்.

மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கதை வேறு. லயன் வீட்டுக்குத் தனி இலக்கம் இருப்பது அபூர்வம். தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும் மட்டும் போட்டால் தபால் தோட்ட அலுவலகத்தில் போய்க் கிடக்கும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கையில் வரும். தோட்ட முகவரியை நிரந்தரமாக வைத்திருப்பதில் தவறில்லை, ஆனால் படிவத்தில் 'தபால் முகவரி' என்று தனிக் கட்டம் இருந்தால் கொழும்பு முகவரியைப் போடுங்கள். கட்டம் இல்லையென்றால் லயன் இலக்கம், வீட்டின் வரிசை, அப்பாவின் பெயர் மூன்றையும் முகவரியிலேயே சேர்த்து எழுதுங்கள்.

கிராம உத்தியோகத்தரிடம்

கொழும்பில் முதலில் உங்கள் பிரிவு எது என்று சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளவத்தை வடக்கு, தெற்கு என்று இரண்டு. பாமன்கடை கிழக்கு, மேற்கு என்று இரண்டு. இவையும் பம்பலப்பிட்டியும் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குக் கீழ். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி கொழும்பு பிரதேச செயலகத்துக்கு. காலி வீதியில் தெகிவளைப் பக்கம் சில ஒழுங்கை தள்ளிப் போனால் செயலகமே மாறிவிடும். பக்கத்துக் கடைக்காரரிடம் "ஜீ.எஸ். ஓபிஸ் எங்கே" என்று கேட்பதைவிட, அதே வீட்டு இலக்கத்தில் ஏற்கெனவே வாக்குள்ள ஒருவரிடம் கேட்பது நம்பகமானது. கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் மேசையில் இருப்பதில்லை, களத்துக்கும் போவார். அலுவலக நாட்கள் கதவில் எழுதியிருக்கும். ஒருமுறை படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒரு விடுமுறை மிச்சம்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டையும் பிரதியும், வீட்டின் மின்சார அல்லது தண்ணீர் பில் (மூன்று மாதத்துக்கு உட்பட்டது), வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் கடிதம், பழைய பிரிவின் கிராம உத்தியோகத்தரிடமிருந்து ஒரு கடிதம். கடைசிக் கடிதத்தைத்தான் எல்லோரும் மறப்பது. அது இல்லாவிட்டால் "ஊரில் பெயர் இருக்கும்போது இங்கே எப்படிப் போடுவது" என்று திருப்பி அனுப்புவார்கள், யாழ்ப்பாணம் போய்வர இரண்டு நாள் போகும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

வீட்டுக்காரரின் கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மேற்படி இலக்க வீட்டின் உரிமையாளராகிய நான், கீழ்க்காணும் அடையாள அட்டை இலக்கமுடைய இவர், குறிப்பிட்ட திகதி முதல் இவ்வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு வசித்து வருகிறார் என்பதை உறுதிப்படுத்துகிறேன். இவருடைய பெயரை இவ்வீட்டின் வாக்காளர் இடாப்பில் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை."

இரண்டாவது வசனம்தான் உயிர். அது இல்லாத கடிதத்தால் வதிவிடச் சான்றிதழ் கிடைக்கலாம், வாக்கு கிடைக்காது.

இங்கேதான் கொழும்பு வீட்டுக்காரர்கள் பின்வாங்குவார்கள். வாக்குப் பதிந்தால் ஆளை எழுப்ப முடியாது, வாடகை வருமானத்துக்கு வரி கேட்பார்கள், நாளைக்கு வீட்டுக்கு உரிமை கோருவான் என்று மூன்று பயம். இடாப்பில் பெயர் இருப்பதால் மட்டும் வீட்டின் மேல் யாருக்கும் உரித்து வராது. ஆனால் இதை அட்வான்ஸ் கொடுத்த பிறகு விளங்கப்படுத்தப் போனால் நடக்காது. அறை பார்க்கும் அன்றே, காசு கைமாறும் முன்னே கேளுங்கள். சம்மதித்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகப் போடுங்கள். ஒப்பந்தமும் சும்மா கடையில் வாங்கிய படிவத்தில் கையெழுத்திட்டதாக இருக்கக்கூடாது: 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். பாடசாலை நேர்முகத்தில் முதலில் தள்ளுபடியாவது நொத்தாரிசு இல்லாத ஒப்பந்தம்தான்.

கிராம உத்தியோகத்தர் தரும் வதிவும் நற்சான்றும் பற்றிய சான்றிதழுக்குப் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும், அந்தத் திகதியிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். ஆகவே 'எதற்கும் இருக்கட்டும்' என்று வாங்கி லாச்சிக்குள் வைப்பது வீண். தேவை வரும்போது எடுங்கள்.

உண்மையில் தங்காத வீட்டை மட்டும் போடாதீர்கள். தெரிந்தவர் வீட்டு பில்லை வைத்துப் பதிபவர்கள் இருக்கிறார்கள்தான். பாடசாலையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வீடு பார்க்க வருவார்கள். பிள்ளையின் உடுப்பு எங்கே, கட்டில் எங்கே என்று பார்ப்பார்கள். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம், பிள்ளைக்குக் கிடைத்த இடமும் போகும்.

வாக்காளர் இடாப்பு

இடாப்பு ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 1ஆம் திகதியை வைத்துத் திருத்தப்படுகிறது. முன்பு ஜூன் 1 ஆக இருந்தது. 2021இல் சட்டம் மாறியது. பழைய நினைவில் ஏப்ரலில் போய்க் கேட்பவர்களுக்கு அடுத்த வருடம்தான். வீடு மாறுவதென்றால் ஜனவரிக்கு முன் மாறிவிடுங்கள், ஜனவரியிலேயே கிராம உத்தியோகத்தரைப் போய்ச் சந்தியுங்கள். கணக்கெடுப்பில் வீட்டிலுள்ள வாக்காளர் பெயர்களை எழுதும் பி.சி. படிவத்தை நிரப்புவது வீட்டுக்காரர். அவர் எழுதாவிட்டால் நீங்கள் அந்த வீட்டில் இல்லை.

ஓடித் திரிபவர்களின் பெயர் எப்படி விழுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கிராம உத்தியோகத்தர் ஊர் வீட்டுக்கு வருகிறார். அம்மா வெளியே வந்து, "மகன் இப்ப இங்கை இல்லைத் தம்பி, கொழும்பிலைதான்" என்கிறார். அம்மா சொன்னது உண்மை. அவர் பேனாவால் ஒரு கோடு. அவ்வளவுதான், நாலு வருடமாகக் கட்டிய தொடர்ச்சி போய்விட்டது. "வேலைக்குப் போயிருக்கிறார், வீடு இதுதான், வந்து போவார்" என்று சொல்ல வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தொழிலுக்காக வெளியே தங்குவது வேறு, குடிபெயர்வது வேறு.

திருத்தத்தின்போது நீக்க உத்தேசித்த பெயர்களும் சேர்க்க உத்தேசித்த பெயர்களும் காட்சிக்கு வைக்கப்படும். அந்தக் காலத்துக்குள் உரிமைக் கோரிக்கை கொடுத்தால் பெயரை மீட்கலாம். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டு வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெயர் வந்த பிறகு அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். சான்றுபடுத்திய பிரதி தேவையென்றால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில்.

இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சாமர்த்தியம் இல்லை, அதுவும் குற்றம். அடையாள அட்டை இலக்கத்தால் கண்டுபிடிப்பது இப்போது சுலபம். இரண்டும் விழுந்து ஒன்றும் இல்லாமல் போனவர்களும் உண்டு.

ஊரில் வாக்கை வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு: தேர்தலன்று அங்கே போக வேண்டும். தபால் வாக்கு அரச உத்தியோகத்தர் போன்ற குறித்த சேவையாளருக்குத்தான், தனியார் கம்பனி ரெப்புக்கு இல்லை. தனியார் துறையில் சம்பளத்துடன் லீவு உண்டு, தூரத்தைப் பொறுத்து: 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். யாழ்ப்பாணம், மட்டக்களப்புக்காரர் எல்லாம் கடைசி வகை. லீவை எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

அடையாள அட்டையும் மற்றவையும்

இடாப்பில் பெயர் ஏறிய பிறகே அடையாள அட்டையின் முகவரியைத் திருத்துங்கள். விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். தோட்டங்களில் தோட்ட அதிகாரியும் செய்யலாம். பிரதேச செயலகத்தில் கொடுக்கலாம், அவசரமென்றால் பத்தரமுல்லை ஆட்பதிவுத் திணைக்களத்தின் ஒருநாள் சேவை. ஒவ்வொரு அறை மாற்றத்துக்கும் அட்டையை மாற்றுவது அநாவசியம். பழைய முகவரி இருந்தாலும் அட்டை செல்லும், வாக்கும் போடலாம்.

எழுத்துக்கூட்டல்தான் இங்கே பெரிய தலையிடி. வெள்ளவத்தையில் பழையவர்கள் ஹைஸ்ட்ரீட் என்பதும் கடதாசியில் டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை என்பதும் ஒரே வீதி. கொட்டாஞ்சேனைப் பக்கம் முகத்துவாரம் என்பது சிங்களத்தில் மோதரை. மாடி வீட்டில் இலக்கத்துக்குப் பின்னால் வரும் 2/1 ஒரு கடதாசியில் 2-1 ஆகவும், இன்னொன்றில் 'இரண்டாம் மாடி' ஆகவும் இருக்கும். இவை எல்லாம் வேறு வேறு முகவரி என்று கணினியும் கிளார்க்கும் சொல்வார்கள். மாநகர சபை வரிப் பற்றுச்சீட்டில் உள்ள வடிவத்தை ஒரு துண்டில் எழுதி, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அதே வடிவத்தைத் தொலைபேசியில் வைத்திருங்கள். எங்கே போனாலும் அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். சிங்களத்தில் நிரப்பித் தந்தால், தெரிந்த ஒருவரிடம் காட்டி வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம். தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

பிறகு வங்கி, இறைவரித் திணைக்களத்தின் டின் (வரி இலக்க) பதிவு, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), காப்புறுதி, லீசிங். லீசிங்கை முதலில் செய்யுங்கள். தவணை பிந்தினால் அறிவித்தல் கோப்பில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் போகும். "எனக்குக் கிடைக்கவில்லை" என்பது பிறகு எடுபடுவது கடினம். சாரதி அனுமதிப்பத்திரமும் அப்படித்தான். வீதியில் எழுதும் தண்டத்தை 14 நாளுக்குள் கட்ட வேண்டும், தவறினால் இரட்டிப்பு, 28 நாள் தாண்டினால் நீதிமன்றம். அழைப்பாணை போவது பழைய அறைக்கு என்றால் உங்களுக்குத் தெரியாமலே பிடியாணை வரைக்கும் போய்விடும்.

வாகனம் எந்த மாகாணத்தில் பதியப்பட்டதோ அந்த மாகாணத்துக்குத்தான் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம். 2023 ஜனவரி முதல் புதிய இலக்கத்தகட்டில் மாகாண எழுத்து இல்லை என்பதால் இது மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். புதுப்பிப்பதை இணையத்திலும் செய்யலாம். காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் நடப்பில் இருக்க வேண்டும்.

பொலிஸ் படிவமும் நற்சான்றும்

கொழும்பில் அவ்வப்போது பொலிஸார் வீட்டிலுள்ளோர் விபரப் படிவம் கொண்டுவருவார்கள். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவைக் காட்டுவார்கள். நிரப்பிக் கொடுங்கள், பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது வதிவிடச் சான்று ஆகாது. அதைக் காட்டி வாக்கும் பதிய முடியாது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களிலிருந்து தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியதும் நினைவுள்ளவர்கள், இந்தப் படிவத்தைக் கண்டாலே பதறுவார்கள். பதற்றத்தில் நியாயம் உண்டு. நாட்டுக்குள் விரும்பிய இடத்தில் வசிப்பது அரசியலமைப்பின் 14(1) உறுப்புரையின் பட்டியலில் எட்டாவதாக எழுதப்பட்ட உரிமை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

வெளிநாடு போக எடுக்கும் பொலிஸ் நற்சான்றுக்கு, கேட்கும் காலத்தில் வசித்த எல்லா முகவரியும் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் அந்தந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் உறுதியாகி வரும். ஏழு அறை மாறியவருக்கு ஏழு இடத்துப் பதில். ஒரு வீட்டுக்காரர் "அப்படி ஒருவர் இருக்கவில்லை" என்று கையை விரித்தால் கோப்பு அங்கேயே நிற்கும். ஆகவே எந்த அறையை விடும்போதும் அட்வான்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்: எந்தத் திகதி வந்து எந்தத் திகதி போனீர்கள் என்று ஒரு துண்டில் வீட்டுக்காரரின் கையெழுத்தையும் வாங்குங்கள். கடைசி மாத மின்சார பில்லின் படத்தோடு அதையும் ஒரே உறைக்குள் போட்டு, ஊர் வீட்டு அலுமாரியில் வையுங்கள்.